படையை விட்டு வந்தவரும் பாடசாலை வாங்கும்



கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி பிரதான வீதியிலே சற்று நடந்து பாருங்கள். வங்கி வாசலிலோ நகைக்கடை வாசலிலோ தொப்பி அணிந்த ஒருவர் நிற்பார். கதவைத் திறந்துவிடுவார். சைக்கிளை ஓரமாக நிறுத்தச் சொல்வார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். ஆனால் அவர் நிமிர்ந்து நிற்கும் விதமே முன்னர் எங்கோ படையில் இருந்தவர் என்பதைச் சொல்லிவிடும். நாமும் கதவைத் தாண்டி உள்ளே போய்விடுகிறோம்.

அவர் படையில் என்ன வேலை செய்தார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? படையில் எல்லோரும் துவக்குப் பிடித்து நிற்பவர்கள் அல்லர். லொறி எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர் இருப்பார். காயப்பட்டோருக்கு மருந்து கட்டியவர் இருப்பார். வானொலிக் கருவியைத் திருத்தியவரும், ஐந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சோறாக்கியவரும், பாலம் கட்டியவரும் இருப்பார்கள். அப்படிப்பட்ட கை இன்று கதவின் பிடியில் இருக்கிறது. காவல் வேலை இழிவானதென்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையான எந்த உழைப்பும் இழிவானதல்ல. ஆனால் எஞ்சின் தெரிந்தவருக்குக் கதவைத் தவிர வேறு வேலை இல்லையென்றால், நட்டம் அவருக்கு மட்டுமல்ல, ஊருக்குந்தான்.

ஆகையால் இவ்வாரப் பாடத்திலே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். படையை விட்டு வந்த பின்பு சிவில் வாழ்க்கையிலே பெயர் சொல்லத்தக்க நிலைக்கு வந்தவர்கள் எவ்வாறு வந்தார்கள்? “கட்டுப்பாடு, ஐயா, கட்டுப்பாடு” என்று சிலர் உடனே விடை சொல்லிவிடுவார்கள். அந்த விடை எனக்குத் திருப்தி தரவில்லை. வங்கி வாசலில் நிற்பவரிடமும் கட்டுப்பாடு நிறைய இருக்கின்றதே!

முத்துக்குமாருவின் மூன்று தொழில்கள்

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இலங்கை இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதி ஒரு தமிழர், அதிலும் ஒரு கத்தோலிக்கர் என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு என்பது அவர் பெயர். 1908ஆம் ஆண்டு பிறந்தவர். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, பின்பு ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து ஜீசஸ் கல்லூரிக்குச் சென்றார். இலண்டன் கிரேய்ஸ் இன்னில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். அதாவது அவருடைய முதல் தொழில் வழக்கறிஞர் தொழில்.

1934இல் அவர் இலங்கை இலகு காலாட்படையிலே சேர்ந்தார். அக்காலத்தில் அது தொண்டர் படை. அதில் இருந்தவர்கள் தத்தம் தொழிலைச் செய்துகொண்டு, ஓய்வு நேரங்களிலே சீருடை அணிந்து பயிற்சி பெறுவார்கள். ஆகவே படை என்பது அவருக்கு முதலில் ஓர் உபதொழிலாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது. படை முழுநேர வேலையாகியது. 1944இல் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகம் கண்டிக்கு மாற்றப்பட்டு மவுண்ட்பேற்றன் பிரபு அங்கே வந்து தங்கியபோது, அத்தலைமையகத்தின் காவற் படைக்குப் பொறுப்பாக இருந்தவர் இந்த வழக்கறிஞரே. 1949இல் இலங்கைக்கென நிரந்தர இராணுவம் அமைக்கப்பட்டது. 1955 பெப்ரவரியில், ஆங்கிலத் தளபதியான பிரிகேடியர் சேர் பிரான்சிஸ் றீட்டிடமிருந்து அவர் பொறுப்பை ஏற்றார்.

அவர் தளபதியாக இருந்த காலத்திலேதான் 1957 டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளம் வந்தது. நம் கிழக்கிலங்கையில் வயலும் வீதியும் ஒன்றாகிப்போன அந்த வெள்ளத்தைப் பற்றி வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்போது நிவாரண வேலையில் இறங்கியவர்களுள் இராணுவத்தினரும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு, 1958இல், இனக் கலவரமும் அவசரகால நிலையும் வந்தன. தமிழர் ஒருவர் தளபதியாக இருக்கும்போது அப்படியொரு காலம் வந்தால் அந்த மனிதர் உள்ளுக்குள் எதை அனுபவித்திருப்பார் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

1959 இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். வயது 51. நம் ஊர்க் கணக்கில் அது பென்சன் எடுத்துக்கொண்டு விறாந்தையில் சாய்கதிரையைப் போட்டு உட்காரும் வயது. அவர் உட்காரவில்லை. பாக்கிஸ்தானுக்கு இலங்கையின் உயர்ஸ்தானிகராகச் சென்றார். பின்பு அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கு உயர்ஸ்தானிகர். அதன் பின்னர் எகிப்துக்குத் தூதுவர். கட்டளையிட்டே பழகியவர் கட்டளையிட முடியாத வேலைக்குப் போனார் என்பதை இங்கே கவனியுங்கள். ஒரு தூதுவர் பிற நாட்டு அமைச்சரிடம் “செய்” என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், சொல்லாததையும் விளங்கிக்கொள்ள வேண்டும். படையில் கற்ற பாதியை இறக்கி வைத்தால்தான் அந்த வேலையைத் தூக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. 1987ஆம் ஆண்டு, எண்பதை அடுத்த வயதிலே, இலங்கையின் இராணுவ வரலாற்றைச் சுருக்கமாகக் கூறும் ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பழைய ஏடுகளையும் அறிக்கைகளையும் தேடிப் படித்து எழுதுவது மாணவன் செய்யும் வேலை. தளபதி மறுபடியும் மாணவராகிவிட்டார். 2001ஆம் ஆண்டு, தொண்ணூறு வயதைக் கடந்து காலமானார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். முத்துக்குமாருவுக்குக் கதவுகள் திறந்தது அவர் கற்றவர் என்பதால் மட்டுமன்று, மேஜர் ஜெனரல் என்பதாலுந்தான். பெரிய பட்டத்துக்குப் பெரிய கதவு தானாகவே திறக்கும். சாதாரண சிப்பாய்க்கு அப்படியல்ல. அதுவுமன்றி, 1962இல் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்க முயன்றதாகக் கைதானபோது அவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக இருந்தனர். அதன் பிறகு சிறுபான்மையோர் படையில் உயர்பதவிக்கு வரும் வழி ஒடுங்கிற்று. முத்துக்குமாருவின் பாதையில் இன்னொரு தமிழ்ப் பையன் போவது வரவர அரிதாயிற்று. ஆகவே தளபதியை விட்டுவிட்டு, பட்டமில்லாத சாதாரணப் படைவீரர்களின் கதைக்கு வருவோம்.

கலைக்கப்பட்ட படை

கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உள்ள நம் முஸ்லிம் அயலவர்களிடம், இலங்கை முஸ்லிம்களிலே பட்டாளத்தார் என்று பெயர் பெற்றவர்கள் யாரென்று கேட்டால், மலாய்க்காரர் என்பார்கள். சரிதான். ஒல்லாந்தர் காலத்திலும் பின்பு ஆங்கிலேயர் காலத்திலும் மலாய் வீரர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகப் படையில் இருந்தார்கள். தகப்பன் சிப்பாய், மகன் சிப்பாய், பேரனும் சிப்பாய். அவர்கள் இருந்த படை சிலோன் றைபிள் றெஜிமென்ற். 1873ஆம் ஆண்டு அந்தப் படை கலைக்கப்பட்டது. வேறு எந்தத் தொழிலும் குடும்பத் தொழிலாக இல்லாத மக்களுக்கு அது எவ்வளவு பெரிய இடி!

அவர்கள் அழிந்துபோயினரா? இல்லை. பொலிஸில் சேர்ந்தார்கள். சிறைச்சாலைச் சேவையிலும் கொழும்புத் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தார்கள். கோப்பி, தேயிலைத் தோட்டங்களிலே மேற்பார்வை வேலைக்கும் போனார்கள். இவற்றிற் பல, சீருடை மாறிய பழைய வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தோட்டக் கணக்கும் பொலிஸ் குறிப்பேடும் எழுத்தறிவில்லாமல் நடவா. அந்த எழுத்தறிவு எங்கிருந்து வந்தது? படைமுகாமிலேயே பாடசாலை இருந்தது. சிப்பாய்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே எழுதப் படிக்கக் கற்றிருந்தார்கள். இந்த மலாய்ப் படையைப் பற்றி ஆராய்ந்து எழுதிய நம் நாட்டு வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா இதனை விரிவாகக் காட்டியிருக்கிறார். படை கலைவதற்கு முன்பே, 1869இல், பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் கொழும்பிலிருந்து அரபு எழுத்தில் அச்சிட்ட மலாய்ப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். ‘ஆலாமத் லங்காபுரி’ என்பது அதன் பெயர். சிப்பாய்ச் சமுதாயம் ஒன்றுக்குப் பத்திரிகை இருந்தது! பத்திரிகைக்காரனாகிய எனக்கு இதில் சற்றுப் பெருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நம் கேள்விக்கு ஒரு விடை மெதுவாகத் தலைகாட்டுகிறது. படை முடிந்த பிறகு நிமிர்ந்தவர்களுக்கு அருகில் எங்கோ ஒரு பாடசாலை வாங்கு இருந்திருக்கிறது.

சிறுவர்களுடன் உட்கார்ந்த வீரர்

வாங்கு என்றதும் ஒருவருடைய நினைவு வருகிறது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியை நடத்திய யேசு சபைக் குருமாரின் கையில் படித்தவர்கள், அல்லது அவர்களிடம் படித்த தகப்பன்மாரின் பிள்ளைகள், நம் வாசகரிலே பலர். அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் போரில் காயப்பட்டவர். 1521 மே மாதத்தில் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுக்கையில் கிடந்து வாசித்த புத்தகங்களால் மனம் மாறினார். இவ்வளவும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். அதனை விட்டுவிடுகிறேன். (அவர் சம்பளத்துக்கு இருந்த சிப்பாயல்லர், பிரபுவின் பரிவாரத்தைச் சேர்ந்த வீரர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

அதற்குப் பின் நடந்த ஒன்றே நம் பாடத்துக்கு வேண்டியது. பிறருக்கு உதவ விரும்பினால் படிப்பு வேண்டுமென்று அவர் கண்டார். படிப்புக்கு அக்காலத்தில் இலத்தீன் வேண்டும். அவருக்கு இலத்தீன் தெரியாது. 1524இல், ஏறக்குறைய 33 வயதிலே, நொண்டிய காலுடன் பார்சலோனா நகரத்தில் சிறு பையன்களோடு இலக்கண வகுப்பில் உட்கார்ந்தார். மனப்பாடம் செய்ய முற்படும்போதெல்லாம் தியான எண்ணங்கள் வந்து குறுக்கிட்டன. கெட்ட எண்ணங்களல்ல, நல்ல எண்ணங்களே. ஆனால் பாடம் ஏறவில்லை. அவர் ஆசிரியரிடம் போய், உண்ண ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை இந்த இரண்டு ஆண்டும் உம்முடைய பாடத்தைக் கவனியாமல் இருக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மற்றப் பையன்களைத் தண்டிப்பதுபோலத் தன்னையும் தண்டிக்கும்படி கேட்டுக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். 1528இல் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1535இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1540இல் அவருடைய சபை அங்கீகாரம் பெற்றது.

கோட்டையில் வாளேந்தி நின்றவர் பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து வினைச்சொல் வாய்ப்பாடு ஒப்புவிக்கிறார். அந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். குண்டடி பட்ட வலியைவிட இது சிலருக்கு அதிகமாக வலிக்கும். படையிலிருந்து வந்தவர்களை ஊர் வாழ்க்கையில் தடுப்பது பெரும்பாலும் அறியாமையல்ல, வெட்கமே என்று எனக்குத் தோன்றுகிறது. “நான் இருபது பேரை நடத்தியவன், இந்தச் சின்னப் பொடியனிடமா தொழில் பழகுவது?” என்ற எண்ணம். மருதமுனையில் தறிக்குப் பழகவரும் பிள்ளை முதலில் நூல் சுற்றத்தான் வேண்டும். நாற்பது வயதில் வந்தாலும் நூல்தான் சுற்ற வேண்டும். தறிக்கு வயதும் தெரியாது, பட்டமும் தெரியாது.

இரு பெண்கள்

படைவீரர் என்றதும் ஆண்களையே நினைக்கிறோம். 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்திலே ஜான்சி ராணிப் படை என்ற பெண்கள் படை உருவாயிற்று. யப்பானியருடன் கூட்டுச் சேர்ந்த அந்த இராணுவத்தைப் பற்றி வேறு வேறு அபிப்பிராயங்கள் உண்டு. அது இப் பாடத்துக்கு வெளியே. அப்படையில் சேர்ந்தவர்களிற் பலர் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்.

அப்படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த டாக்டர் லக்ஷ்மி சுவாமிநாதன். 1938இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, சிங்கப்பூரிலே ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். போர் முடிவில் பர்மாவில் பிடிபட்டு 1946இல் இந்தியா திரும்பினார். 1947இல் பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். அங்கே என்ன செய்தார்? மறுபடியும் மருந்துப் பெட்டியைத் திறந்தார். பிரிவினையால் அகதிகளாக வந்தவர்களுக்கும் ஏழைத் தாய்மாருக்கும் வைத்தியம் பார்த்தார். 1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவுடன் அங்கே போனார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளரைப் பார்த்தார். 2012இல் காலமானார். அவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாதிருக்கலாம். ஆனால் பிரசவ வேதனையில் வந்த பெண் வைத்தியரிடம் கட்சி கேட்கவில்லை.

மற்றவர் ராசம்மா பூபாலன். மலாயாவில், ஈப்போவில், 1927ஆம் ஆண்டு இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றிலே பிறந்தவர். பதினாறு வயதில் தமக்கையுடன் படையிற் சேர்ந்து பர்மாவரை போனவர். லக்ஷ்மிக்குத் திரும்பிப் போக ஒரு தொழில் இருந்தது. ராசம்மாவுக்கு எதுவுமில்லை, படிப்பே முடியவில்லை. போர் முடிந்ததும் பாடசாலைக்குத் திரும்பிப் படித்தார். பல்கலைக்கழகம் சென்று ஆசிரியையானார். மலாயாவில் ஆசிரியைகளுக்கு ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் வழங்கப்பட்ட காலம் அது. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே வீட்டுவேலைக் கொப்பி, ஆனால் சம்பளம் வேறு. 1960இல் ஆசிரியைகளுக்கென ஒரு தொழிற்சங்கத்தை அமைத்து, சமசம்பளத்துக்காக வாதாடினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சமசம்பளக் கொள்கையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பின்பு கோலாலம்பூர் மெதடிஸ்த பெண்கள் பாடசாலையின் அதிபராக இருந்தார். படைமுகாமிலிருந்து வந்த ஒரு சிறுமிக்குப் பாடசாலை மறுபடியும் இடம் கொடுத்ததால் வந்த விளைவு இது.

ஆனால் அப்படையில் இருந்த எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் திரும்பவும் பால்வெட்டும் கத்தியையே கையிலெடுத்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக இல்லை. அவர்களிடம் தைரியம் குறைவாக இருந்ததா? இல்லை. எவரும் அவர்களுக்கு வாங்கு போடவில்லை.

வாங்கு போட்ட நாடு

அமெரிக்கா இதைப் பட்டுத்தான் படித்தது. முதலாம் உலகப் போரில் போரிட்டு வந்தவர்களுக்கு ஒரு கொடுப்பனவு தருவதாக 1924இல் சட்டம் செய்தார்கள். ஆனால் பணம் கைக்கு வரும் ஆண்டு 1945 என்றார்கள். நடுவிலே பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வேலையற்ற முன்னாள் வீரர்கள் பல்லாயிரக்கணக்கில் மனைவி மக்களோடு 1932இல் வாஷிங்ரன் நகரத்துக்குச் சென்று குடிசை போட்டு உட்கார்ந்து, “இப்போது தாருங்கள்” என்றார்கள். அவ்வாண்டு யூலை 28ஆம் திகதி அந்நாட்டு இராணுவமே தாங்கிகளோடும் கண்ணீர்ப் புகையோடும் வந்து அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. தாங்கள் இருந்த அதே இராணுவம்!

அந்த வெட்கம் மறக்கப்படவில்லை. அடுத்த போர் முடிவதற்கு முன்னரே, 1944 யூன் மாதம், வேறொரு சட்டம் வந்தது. வீடு திரும்பும் வீரன் படிக்க விரும்பினால் கட்டணத்தை அரசாங்கம் கட்டும், படிக்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவுக்கும் கொடுக்கும். பட்டாளத்தாரை உள்ளே விட்டால் பல்கலைக்கழகம் கெட்டுப்போகும் என்று அஞ்சிய பெரிய கல்விமான்களும் இருந்தார்கள். நடந்ததோ வேறு. 1956ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய 78 இலட்சம் பேர் அச்சட்டத்தினால் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவர்களிற் சுமார் 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போனவர்கள். மற்றவர்களைக் கவனித்தீர்களா? அவர்கள்தாம் பெருந்தொகை. தச்சர், மின்தொழிலாளர், இயந்திரம் திருத்துவோர், விவசாயிகள். கறுப்பின வீரர்களுக்கு, முக்கியமாகத் தென் மாநிலங்களில், அதே சட்டத்தின் பலன் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் கதவில் நிற்பவர் ஒன்றாக நடத்துவதில்லை.

இந்தியாவிலிருந்து ஒரு சிறு உதாரணம். முரளிகாந்த் பெட்கர் இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியற் பிரிவில் இருந்த இளைஞர், குத்துச்சண்டை வீரர். 1965 போரில் பல குண்டுகள் பாய்ந்தன. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கியவர், 1972இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் நடந்த மாற்றுத் திறனாளிகளுக்கான ஒலிம்பிக் போட்டியிலே 50 மீற்றர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார். இந்தியாவுக்கு அப்போட்டிகளில் கிடைத்த முதலாவது தங்கம் அது. பதக்கத்தை எல்லோரும் சொல்வார்கள். பூனாவில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்து குடும்பம் நடத்தினார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாடோ அவருக்குப் பத்மஸ்ரீ கொடுக்க 2018வரை எடுத்துக்கொண்டது.

இனி நம் கரைக்கு வருவோம்

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. போராளிகளாக இருந்த ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டுப் பின்பு வீடு திரும்பினர் என்று அரசாங்கம் கூறியது. அவர்களுள் கிழக்கு மாகாணத்தவரும் உண்டு. இன்னொரு பக்கம், இராணுவத்தில் இருந்து காலோ கையோ இழந்து திரும்பிய சிங்கள இளைஞர்கள் அம்பாறைக் குடியேற்றக் கிராமங்களில் இருக்கிறார்கள். முஸ்லிம் ஊர்களில் ஊர்காவற் படையிலே இரவு கண் விழித்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே கல்லோயா வாய்க்கால் தண்ணீரில் விளைந்த நெல்லை உண்ணும் மூவரும் ஒருவரை நோக்கி ஒருவர் துவக்கு நீட்டியவர்கள்.

இவர்களுக்கு வாங்கு போடுங்கள் என்று சொல்வது எளிது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் நடந்ததை மறந்துவிடுங்கள் என்று ஒரு முஸ்லிம் முதலாளியிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதே ஆண்டு வீரமுனையில் நடந்ததை மறந்துவிடுங்கள் என்று ஒரு தமிழ்த் தாயிடம் சொல்லவும் உரிமையில்லை. மறக்கச் சொல்லவில்லை. குற்றம் செய்தவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லட்டும். ஆனால் பதினைந்து வயதில் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, இன்று முப்பத்தைந்தைக் கடந்து, பிறர் வயலில் முல்லைக்காரனாக நிற்கும் ஒருவனுக்குத் தொழில் பழக்க மறுப்பதனால் எந்தத் தாயின் கண்ணீர் குறையும்? கரைவலை இழுக்க ஆள் வேண்டுமென்றால் அவனைக் கூப்பிடுகிறோம். கராச்சில் வேலை பழக்கக் கேட்டால் “அவனா?” என்கிறோம்.

செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதனைப் பெறப் பயிற்சி நிலையத்தில் முதலிலிருந்து படிப்பது ஒரு வழி. இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. ஏற்கனவே தொழில் தெரிந்தவர், எங்கே கற்றார் என்ற கேள்வியின்றி, தம் அனுபவத்துக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னே வேலையைச் செய்து காட்டினால், அத்திறமையை மதிப்பிட்டு அதே சான்றிதழை வழங்குவார்கள். ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்பது இம்முறையின் பெயர். வாகனம் திருத்துதல், மின்னிணைப்பு, தச்சு, மேசன், ஒட்டுவேலை, சமையல், தையல் எனப் பல தொழில்களுக்கு இது உண்டு. படையில் பன்னிரண்டு ஆண்டு லொறி திருத்தியவரிடம் கடதாசி இல்லை என்பதே குறை என்றால், அந்தக் குறையை இவ்வழியால் நீக்கலாம். பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் விசாரிக்கலாம். பிரதேச செயலகத்திலும் கேட்டால் வழி காட்டுவார்கள்.

ஆனால் விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர் உண்டு. அலுவலகம் என்றதும் பெயர், விலாசம், பழைய விபரம் கேட்பார்களே என்று அஞ்சுபவர் உண்டு. எழுத்துத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் அந்த அச்சம் பாதி குறையும். பங்கு இளைஞர் மன்றத்தில் இருக்கும் தம்பி, தங்கைமாரே, இதை நீங்கள் செய்யலாம். உங்களுள் கார்மேல் பற்றிமாவில் முஸ்லிம் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் படித்தவர்கள் இருக்கிறீர்கள். அந்த நண்பர்களில் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு போனால், விசாரிக்கப் போகும் இடத்தில் இரண்டு ஊராரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கலாம்.

முதல் வேலை இந்தக் கிழமையே உண்டு. வங்கிக்குப் போகும்போது கதவைத் திறந்துவிடும் அந்த ஐயாவிடம், அல்லது காக்காவிடம், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்: “முந்தி அங்க என்ன வேலை பார்த்தனீங்க?”